பந்து நம்மிடம் இல்லாத நேரம்: ஆன்லைன் கால்பந்து வீடியோ கேம் கற்றுத் தந்தவை

கால்பந்து வீடியோ கேமைக் கணினிக்கு எதிராக ஆடுவதும், முகம் தெரியாத ஒரு மனிதருக்கு எதிராக ஆன்லைனில் ஆடுவதும் ஒரே விளையாட்டின் இரண்டு படிகள் என்று பலரும் கருதுகிறார்கள். இரண்டையும் பல ஆண்டுகளாக ஆடி வருபவன் என்ற முறையில், அவற்றை இரு வேறு விளையாட்டுகள் என்றே சொல்வேன். கணினி எவ்வளவு உயர்ந்த கடினநிலையில் ஆடினாலும் அதற்குப் பதற்றம் கிடையாது. முன்னிலையில் இருக்கும்போது அச்சமும், பின்தங்கியிருக்கும்போது அவசரமும் கிடையாது. மனிதருக்கு இவை அனைத்தும் உண்டு. அவருக்கென்று சில பழக்கங்கள் உண்டு, பிடித்தமான ஓட்டங்கள் உண்டு, நெருக்கடியில் விரல் தானாகப் போய் அழுத்தும் ஒரு பொத்தான் உண்டு. அவற்றைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட பிறகுதான் ஆன்லைன் ஆட்டம் எனக்கு ஓரளவு பிடிபடத் தொடங்கியது.

ஈஏ ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தின் ஃபிஃபா தொடரில் (2023 முதல் அதன் பெயர் எஃப்சி) ஆன்லைன் ஆட்டம் பொதுவாகப் பாதிக்கு 6 நிமிடம், மொத்தம் 12 நிமிடம் நடக்கும். இதில் ஏறக்குறைய பாதி நேரம் பந்து எதிராளியின் காலில்தான் இருக்கும். ஆனால் புதிதாக வருபவர்கள் பயிற்சிக்குச் செலவிடும் நேரத்தைக் கவனித்தால், அது முழுவதும் பந்து தம்மிடம் இருக்கும் பாதிக்கே போகிறது: ஏமாற்று அசைவுகள், வளைத்து அடிக்கும் ஷாட்டுகள், ஃப்ரீ கிக் கோணங்கள். மற்றப் பாதிக்கு எவரும் பயிற்சி செய்வதில்லை. என் வெற்றி விகிதம் உயர்ந்த காலங்களைத் திரும்பிப் பார்க்கும்போது, அவற்றில் எதுவும் புதிய ஏமாற்று அசைவொன்றைக் கற்றதால் வந்ததில்லை. பந்து என்னிடம் இல்லாத நேரத்தில் என் கைகள் செய்வது மாறியபோதெல்லாம்தான் அது உயர்ந்திருக்கிறது. ஆகவே இங்கே தற்காப்பைப் பற்றியே நீளமாக எழுதுகிறேன்.

இந்தத் தொடரில் தற்காப்பின் போக்கை மாற்றியது 2011-இல் வெளிவந்த ஃபிஃபா 12. அதற்கு முந்தைய பதிப்புகளில் ஒரே பொத்தானை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தால் நம் வீரர் தானாகவே பந்தை நோக்கி ஓடி, தானாகவே அதைப் பறிக்க முயல்வார். ஃபிஃபா 12-இல் வந்த 'டாக்டிக்கல் டிஃபெண்டிங்' என்ற முறையில் அந்தப் பொத்தான் எதிராளியைக் குறிப்பிட்ட தொலைவில் தொடர்வதற்கு மட்டுமே உதவியது. பந்தைப் பறிக்கத் தனிப் பொத்தானைச் சரியான கணத்தில் அழுத்த வேண்டியிருந்தது. தவறான கணத்தில் அழுத்தினால் நம் வீரர் காலை நீட்டிவிட்டு நிலைகுலைந்து நிற்பார், எதிராளி அவரைத் தாண்டிப் போய்விடுவார். அன்று முதல் இன்றைய எஃப்சி பதிப்புகள் வரை அடிப்படை இதுதான். கணினியே நமக்காகத் தற்காக்கும் பங்கு ஒரு பதிப்பில் கூடும், மற்றொன்றில் குறையும். ஆனால் எப்போது காலை நீட்டுவது என்ற முடிவு நம்முடையதாகவே இருக்கிறது.

அந்த முடிவை எடுப்பதற்கு முன் விடை காண வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இப்போது எந்த வீரரை நான் இயக்க வேண்டும்? பந்துக்கு மிக அருகில் இருப்பவரை என்பதே இயல்பாகத் தோன்றும் விடை. அந்த விடையால்தான் ஆன்லைனில் பெரும்பாலான கோல்கள் விழுகின்றன. எதிராளியின் முன்கள வீரர் பந்தோடு வருகிறார் என்று மையத் தடுப்பாளரை முன்னால் இழுத்துச் சென்றால், அவர் விட்டுச் சென்ற இடம் வெறுமையாகிறது. எதிராளி தடுப்பாளர்களுக்கு இடையே ஊடுருவும் ஒரே ஒரு த்ரூ பாஸில் அந்த வெற்றிடத்தைப் பயன்படுத்திக்கொள்வார். நான் பெரும்பாலும் இயக்குவது தற்காப்பு நடுக்கள வீரரை. மையத் தடுப்பாளர் இருவரும் தங்கள் தற்காப்புக் கோட்டில் நிற்கட்டும். கோட்டைக் காப்பதைக் கணினி ஓரளவு நன்றாகவே செய்கிறது. நடுக்கள வீரரைப் பின்னோக்கி ஓட்டிவந்து, பந்து வைத்திருப்பவருக்கும் அவர் கண் வைத்திருக்கும் சக வீரருக்கும் இடையிலுள்ள பாதையில் நிறுத்துவதே என் வேலை. பந்தைத் தொடாமலேயே ஒரு தாக்குதலைக் கலைத்துவிட முடியும் என்பதை நான் உணர்ந்தது இந்த நிலையில் நிற்கத் தொடங்கிய பிறகுதான்.

இதற்குக் கைகொடுக்கும் பொத்தான் பிளேஸ்டேஷனில் எல்2, எக்ஸ்பாக்ஸில் எல்டி. அதை அழுத்திப் பிடித்தால் நம் வீரர் எதிராளியை நோக்கி முகத்தை வைத்தபடி பக்கவாட்டில் நகர்வார். இதை ஜாக்கி என்பார்கள். வேகப் பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் அதே நிலையில் விரைவாக நகரலாம். ஆனால் திரும்பும் திறன் குறையும். பந்தோடு வருபவரை நோக்கி முழு வேகத்தில் ஓடுவது, அவர் ஒரு சிறு அசைவில் நம்மைக் கடந்து போவதற்கு நாமே வழி திறந்துவிடுவதாகும். வேகப் பொத்தான் இருவருக்கும் இடையிலான தொலைவைக் குறைப்பதற்கு மட்டுமே. அருகில் வருவதற்குச் சற்று முன்பே விரலை எடுத்துவிட்டு ஜாக்கி நிலைக்கு வந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு பொறுமை வேண்டும். பந்து எதிராளியின் காலிலிருந்து சற்று விலகும் கணமும், அவர் உடலைத் திருப்பும் கணமும், முதல் தொடுதல் கனமாக விழும் கணமும் பறிப்பதற்கு உரியவை. மற்ற நேரங்களில் பறிக்கும் பொத்தானிலிருந்து விரலை விலக்கி வைப்பதே நல்லது. சறுக்கித் தடுக்கும் பொத்தானைப் பொறுத்தவரை, கோலைத் தடுக்க வேறு வழியே இல்லாத இறுதி நிலைக்கு மட்டும் அதை நான் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

வீரரை மாற்றும் திறமை தனியாகப் பயில வேண்டிய ஒன்று. எல்1 பொத்தானால் மாற்றும்போது யாரிடம் போக வேண்டும் என்பதை விளையாட்டே ஊகிக்கிறது. அந்த ஊகம் நாம் நினைத்ததாக இருக்கும் என்ற உறுதி இல்லை. கையிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவியின் வலது குச்சியை ஒரு திசையில் தட்டினால் அந்தத் திசையில் இருக்கும் வீரருக்கு நாமே மாறலாம். தொடக்கத்தில் இது தடுமாற்றமாகவே இருக்கும், தவறான வீரரிடம் போய்ச் சேருவோம். ஆனால் சில வாரங்கள் விடாமல் பழகினால், பாஸ் கிளம்பும் முன்பே அதைப் பெறப் போகிறவர் அருகில் இருக்கும் தடுப்பாளருக்கு மாறிவிடும் பழக்கம் வந்துவிடுகிறது. இந்த ஒரு பழக்கம் தருகின்ற பயனை வேறு எந்த ஏமாற்று அசைவும் எனக்குத் தந்ததில்லை என்று உறுதியாகச் சொல்வேன். தானாக மாறும் அமைப்பை முழுமையாகவோ, காற்றில் வரும் பந்துகளுக்கு மட்டும் விட்டுவைத்தோ நிறுத்திவிடுவது இதற்குத் துணை செய்யும். இல்லையென்றால் நாம் ஒருவரைத் தேர்ந்தெடுத்த அதே நொடியில் விளையாட்டு நம்மை மற்றொருவரிடம் தூக்கிப் போட்டுவிடும்.

ஆன்லைனில் அடிக்கடி விழும் கோல் வகை ஒன்றைத் தனியே சொல்ல வேண்டும். எதிராளி தன் விங்கரை, அதாவது ஓரத்தில் ஆடும் தாக்குதல் வீரரை, பக்கக் கோடு வழியாக எல்லைக்கோடு வரை ஓட்டிச் செல்வார். அங்கிருந்து பந்தைப் பின்னோக்கி, பெனால்டி புள்ளியின் அருகே ஓடிவரும் சக வீரருக்குத் தள்ளுவார். அவர் முதல் தொடுதலிலேயே அடிப்பார். இதைக் கட்-பேக் என்கிறோம். இதைத் தடுக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மையத் தடுப்பாளரோடு எல்லைக்கோட்டுக்கு ஓடுகிறார்கள், அப்போது பெனால்டி புள்ளியில் யாருமே இருப்பதில்லை. விங்கரைப் பக்கத் தடுப்பாளரிடம் விட்டுவிட்டு, நான் நடுக்கள வீரரோடு பின்னால் ஓடிவந்து பெனால்டி புள்ளியில் நின்றுகொள்கிறேன். விங்கர் அந்தக் குறுகிய கோணத்திலிருந்து நேராகக் கோலை நோக்கி அடித்தால் கோல்கீப்பர் பெரும்பாலும் பார்த்துக்கொள்வார். எந்த ஆபத்தை ஏற்பது, எதை அடைப்பது என்று தேர்ந்தெடுப்பதுதான் தற்காப்பு. எல்லாவற்றையும் அடைக்க முயலும்போது எல்லாமே திறந்துகொள்கின்றன.

இனி எதிராளியைப் படிப்பதைப் பற்றி. திரையில் 90 நிமிடமாக ஓடும் கடிகாரத்தில் முதல் இருபது நிமிடத்தை நான் கவனிப்பதற்காகவே ஒதுக்குகிறேன். பந்து கிடைத்தவுடன் அவர் முன்னோக்கி நீளமாக அனுப்புகிறாரா, பின்னால் சுற்ற வைக்கிறாரா? எந்தப் பக்கமாகத் தாக்குகிறார்? நெருக்கும்போது எந்தத் திசையில் திரும்புகிறார்? கோல்கீப்பரிடமிருந்து பந்தை எப்படி வெளியே எடுக்கிறார்? கணிசமான எதிராளிகள் ஒரே தாக்குதலை ஆட்டம் முழுவதும் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள், ஏனெனில் அது அவர்களுக்கு முந்தைய ஆட்டங்களில் பலன் தந்திருக்கிறது. அதை இரண்டு முறை பார்த்துவிட்டால் மூன்றாவது முறை அவர் பாஸ் கொடுக்கப் போகும் இடத்தில் நான் முன்பே நிற்கலாம். கார்னரில் முதல் கம்பத்தைக் குறி வைப்பவர் இரண்டாவது கார்னரிலும் பெரும்பாலும் அதையே செய்கிறார். பெனால்டியிலும் நெருக்கடி கூடக் கூட மனிதர்கள் தங்களுக்குப் பழகிய பக்கத்துக்கே திரும்புகிறார்கள் என்பது என் நீண்ட கவனிப்பு.

எதிராளியின் மனநிலையும் படிக்கக்கூடியதுதான். கோல் வாங்கியவர் அடுத்த ஓரிரு நிமிடங்களுக்கு அதைத் திருப்பி அடித்துவிடும் வேகத்தில் இருப்பார்; வீரர்களை முன்னால் குவிப்பார், நடுக்களத்தில் வெற்றிடம் விடுவார். அந்த நேரத்தில் கோல் போட்டவரும் மகிழ்ச்சியில் கவனம் சிதறியிருப்பதால்தான் கோலுக்கு உடனே பதில் கோல் விழுவதை இத்தனை அடிக்கடி பார்க்கிறோம். நான் கோல் போட்டவுடன், அவரது அடுத்த தாக்குதல் முடியும் வரை வேறெதையும் செய்யாமல் தற்காப்புக் கோட்டைக் காத்து நிற்கிறேன். அந்த முதல் சீற்றம் அடங்கியதும், அவர் அவசரத்தில் திறந்து வைத்த இடங்கள் அப்படியே இருக்கும்.

ஒரு கோல் முன்னிலையில் இருந்துகொண்டு, தன் தடுப்பாளர்களுக்கு இடையிலேயே பந்தைச் சுற்ற வைத்து நேரத்தைக் கடத்தும் எதிராளிகளைப் பற்றி நிறையப் பேர் கோபப்படுகிறார்கள். நேர்மையாகச் சொன்னால் அதில் விதிமீறல் எதுவும் இல்லை. உண்மையான கால்பந்திலும் அது உள்ளதுதான். அப்படிப்பட்ட ஒருவரோடு நான் ஆடிய ஆட்டம் நன்றாக நினைவிருக்கிறது. பந்தைத் துரத்திக்கொண்டே இருந்தால் என் வீரர்கள் களைத்துப் போவார்கள், அதைத்தான் அவர் விரும்புகிறார் என்பது தெளிவாக இருந்தது. ஆகவே பந்தைத் துரத்தாமல், அவர் அடிக்கடி பயன்படுத்திய பாஸ் பாதைகளை ஒவ்வொன்றாக அடைத்தேன்: முன்கள வீரர் ஒருவரைக் கொண்டு மையத் தடுப்பாளர்களுக்கு இடையிலான பாதையை, விங்கரைக் கொண்டு பக்கத் தடுப்பாளருக்கான பாதையை. கடைசியில் அவருக்குத் திறந்திருந்தது கோல்கீப்பரிடம் திரும்பும் பாஸ் மட்டும். அங்கிருந்து அவர் நீளமாக உதைத்த பந்து என் நடுக்கள வீரரிடம் வந்தது, ஆட்டம் சமநிலையானது. திசைப் பொத்தான் வழியாக அணியின் அணுகுமுறையை ஆட்டத்தின் நடுவிலேயே மாற்ற முடியும் என்பதை இத்தகைய தருணங்களுக்காகவே பழகி வைத்திருக்க வேண்டும். ஒரு கோல் தேவைப்படும் கடைசிப் பத்து நிமிடத்தில் மெனுவைத் திறந்து தேட முடியாது.

தாக்குதலைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் தற்காப்பில் சொன்னவற்றைத் திருப்பிப் போட்டால் அதில் பாதி வந்துவிடும். எதிராளியின் மையத் தடுப்பாளர் வெளியே இழுக்கப்படும் வரை பந்தை வைத்துக் காத்திருக்க வேண்டும். வேகப் பொத்தானை விட்டுவிட்டு நடக்கும் வேகத்தில் பந்தைக் கொண்டுபோனால், பொறுமையற்றவர்கள் தாங்களாகவே வெளியே வருவார்கள். பாஸ் கொடுக்கும் முன் பெறுபவரின் உடல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைக் கவனிப்பது பெரிய பலன் தரும். கோலுக்கு முதுகைக் காட்டி நிற்பவருக்குக் கொடுக்கும் பாஸும், திரும்பி நிற்பவருக்குக் கொடுக்கும் பாஸும் ஒன்றல்ல. வீரர்கள் நிற்கும் இடங்களைக் காட்டும், திரையின் கீழுள்ள சிறு வரைபடமான ரேடாரில் ஒரு கண் இருக்கட்டும். ஷாட்டைப் பொறுத்தவரை, ஃபிஃபா 19-இல் இரண்டாவது முறை பொத்தானைச் சரியான கணத்தில் அழுத்தி ஷாட்டின் துல்லியத்தைக் கூட்டும் முறை அறிமுகமானபோது அதை விரும்பிப் பழகியவர்கள் பலர்; ஆன்லைனில் தாமதம் கூடும்போது அந்தக் கணம் நழுவிவிடும் என்பதால் நான் அதை நம்பியிருக்கவில்லை.

தாமதம் என்ற சொல் வந்துவிட்டது; அதை முழுமையாகப் பேசாமல் ஆன்லைன் ஆட்டத்தைப் பேச முடியாது. விளையாட்டு நொடிக்கு 60 சட்டகங்களாக (ஃப்ரேம்களாக) ஓடும்போது ஒரு சட்டகத்தின் நேரம் ஏறக்குறைய 16.7 மில்லிநொடி. கண்ணாடி இழைக் கம்பியில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் பயணிக்கிறது. ஆகவே ஆட்டத்தை நடத்தும் கணினியான சர்வர் 1000 கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், போய்த் திரும்புவதற்கு இயற்பியல் விதிப்படியே குறைந்தது 10 மில்லிநொடி ஆகும். கம்பிகள் நேர்க்கோட்டில் போவதில்லை, இடையில் பல நிலையங்களில் தகவல் நின்று செல்கிறது என்பதால் உண்மையில் அது இன்னும் கூடுதலாகவே இருக்கும். இதைத்தான் பிங் என்கிறோம். பிங் 20-இல் இருக்கும் ஆட்டத்துக்கும் 90-இல் இருக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாடு சில சட்டகங்கள்தான் என்றாலும், பந்தைப் பறிக்கும் கணம் அந்தச் சில சட்டகங்களுக்குள்தான் இருக்கிறது.

பிங் அளவைவிட என்னை அதிகம் பாதித்தது அதன் ஏற்ற இறக்கம். ஒரே சீராக 60 இருந்தால் சில நிமிடங்களில் விரல்கள் அதற்குப் பழகிவிடும். 30-க்கும் 120-க்கும் இடையில் தாவிக்கொண்டிருந்தால் எந்தப் பழக்கமும் பயன்படாது. இந்த ஏற்ற இறக்கத்துக்கு வீட்டுக்குள்ளேயே பல காரணங்கள் இருக்கும். கன்சோலை வைஃபையிலிருந்து எடுத்து ரவுட்டரோடு கம்பியில் இணைத்ததுதான் நான் செய்தவற்றில் மிக எளியதும் மிகுந்த பலன் தந்ததும். கம்பி இழுக்க வழியே இல்லையென்றால் 2.4 கிகாஹெர்ட்ஸை விட்டு 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசைக்கு மாறுவதும், ரவுட்டரைக் கன்சோலுக்கு அருகில் கொண்டுவருவதும் ஓரளவு உதவும். அதே இணைப்பில் வேறொருவர் பெரிய கோப்புகளைப் பதிவேற்றும்போது ஆட்டம் சேற்றில் நடப்பதுபோல் கனக்கும். ரவுட்டரில் தகவல் வரிசையாகத் தேங்குவதே காரணம். சில ரவுட்டர்களில் விளையாட்டுக்கு முன்னுரிமை தரும் அமைப்பு உண்டு, அதைத் தேடிப் பார்க்கலாம். அதிவேக இணைப்பை வாங்கினால் பிங் குறைந்துவிடும் என்று நினைத்துப் பணம் செலவழிக்க வேண்டாம்: கால்பந்து ஆட்டத்துக்குத் தேவைப்படும் தகவலின் அளவு மிகக் குறைவு, இணைப்பின் அகலத்தைக் கூட்டுவதால் சர்வரின் தொலைவு குறையாது.

இணையத்தோடு தொடர்பில்லாத தாமதமும் உண்டு. இன்றைய தொலைக்காட்சிகள் படத்தை அழகுபடுத்துவதற்காக ஒவ்வொரு சட்டகத்தையும் சற்றே தாமதித்துக் காட்டுகின்றன. தொலைக்காட்சியின் அமைப்புகளில் கேம் மோட் என்பதை இயக்கினால் அந்த வேலைகள் நிறுத்தப்படும், பொத்தானுக்கும் திரைக்கும் இடையிலான இடைவெளி கண்கூடாகக் குறையும். இதற்குச் செலவு எதுவும் இல்லை. ஆனால் ஆண்டுக்கணக்கில் இதை அறியாமல் ஆடுபவர்களை நான் சந்தித்திருக்கிறேன்.

இவ்வளவும் செய்த பிறகும் தாமதமான ஆட்டங்கள் வரத்தான் செய்யும். அப்போது ஆடும் முறையை மாற்றிக்கொள்வதே வழி. பொத்தான் தாமதமாகப் பதியும் ஆட்டத்தில் ஒற்றைத் தொடுதல் பாஸ்களும் ஏமாற்று அசைவுகளும் எடுபடாது. பந்தைப் பறிக்க முயல்வதைக் குறைத்து, பாதையை அடைப்பதைக் கூட்டுகிறேன். இரண்டு மூன்று தொடுதல்களில் நிதானமாகப் பாஸ் கொடுக்கிறேன். கோட்டைச் சற்றுப் பின்னால் வைக்கிறேன். தாமதம் இருவருக்கும் ஒன்றாகவே இருக்கும் ஆட்டங்களில், அதை முதலில் ஏற்றுக்கொண்டு மாறியவர் முன்னேறுவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஒருவருக்கு ஒருவர் ஆடுவதிலிருந்து முற்றிலும் மாறுபட்டது, ஒவ்வொரு வீரரையும் ஒரு மனிதர் இயக்கும் கிளப்ஸ் ஆட்டம். 2010-இல் வந்த ஃபிஃபா 11-இல் கோல்கீப்பரையும் மனிதர் இயக்க வழி வந்தபிறகு, இரு பக்கமும் பதினொரு பேராக 22 மனிதர்கள் ஒரே ஆட்டத்தில் ஆடுவது சாத்தியமானது. பந்து நம்மிடம் இல்லாத நேரம் என்று நான் சொல்லிவந்தது இங்கே உச்சத்தை அடைகிறது: 12 நிமிடத்தில் ஒருவர் காலில் பந்து இருப்பது மிகச் சொற்ப நேரம்தான். மீதி நேரமெல்லாம் நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது, ஓட வேண்டிய நேரத்தில் ஓடுவது, சக வீரருக்குப் பாதை திறந்து தருவது. நான் பெரும்பாலும் ஏற்பது தற்காப்பு நடுக்கள வீரரின் இடத்தை. புள்ளிவிவரப் பலகையில் அந்த இடத்துக்குப் பெரிதாக எதுவும் பதிவாகாது, ஆனாலும் அந்த இடம் காலியானால் முழு அணியும் சரிந்துவிடும்.

கிளப்ஸ் ஆட்டத்தில் பேச்சு ஒரு கருவி. எங்கள் குழுவில் மைக்கில் மிகக் குறைவாகப் பேசும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அவர் சொல்வது 'பின்னால் ஆள்', 'நேரம் இருக்கு', 'இடப்பக்கம்' போன்ற இரண்டிரண்டு சொற்கள் மட்டுமே. ஆனால் அவை எப்போதும் பந்து வந்து சேர்வதற்கு அரை நொடி முன்பே வரும். பந்தைப் பெறுபவருக்கு அந்த அரை நொடியில் தேவைப்படுவது அவ்வளவுதான். பாஸ் தவறிய பின் ஏன் தவறியது என்று விளக்குபவர்களால் அடுத்த பாஸும் தவறுகிறது. குறை சொல்ல வேண்டியவற்றை ஆட்டம் முடிந்தபின் பேசுவது என்ற ஒரே விதியை எங்கள் குழு வைத்துக்கொண்டது. அதற்குப் பிறகு குழுவிலிருந்து யாரும் கோபித்துக்கொண்டு விலகியதில்லை. முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது வசைகள் காதில் விழும். நான் பதில் சொல்வதில்லை. உடனே ஒலியை அடைத்துவிட்டு, வரம்பு மீறியிருந்தால் ஆட்டத்துக்குப் பின் புகார் பதிகிறேன். இளையவர்கள் ஆடும் வீடுகளில் பெற்றோர் இந்த அமைப்புகளை முன்கூட்டியே பார்த்து வைப்பது அவசியம் என்று உறுதியாக நம்புகிறேன்.

தொடர்ந்து தோற்கும்போது, ஆட்டத்தின் முடிவை விளையாட்டே முன்கூட்டி எழுதி வைத்திருக்கிறது என்ற எண்ணம் ஆடுபவர்களிடையே பரவலாக எழுகிறது. 2020-இல் கலிஃபோர்னியாவில் மூன்று பேர், விளையாட்டு தானாகவே கடினத்தைக் கூட்டிக் குறைக்கிறது என்று குற்றம்சாட்டி ஈஏ மீது வழக்கே தொடுத்தார்கள். அத்தகைய தொழில்நுட்பத்தைத் தங்கள் கால்பந்து விளையாட்டில் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் மறுத்தது. தொழில்நுட்ப விவரங்கள் காட்டப்பட்ட பின் 2021-இல் வழக்குத் தொடுத்தவர்களே அதைத் திரும்பப் பெற்றார்கள். பந்து கம்பத்தில் பட்டு எதிராளியின் காலுக்கே திரும்புவது எரிச்சலூட்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் காரணத்தை வெளியே வைத்துவிட்டால் கற்பதற்கு எதுவும் மிஞ்சாது. வாங்கிய கோலின் மறுகாட்சியைப் பார்க்கும்போது இறுதி ஷாட்டைப் பார்க்காமல், அதற்குப் பத்து நொடி முன்னால் நான் யாரை இயக்கிக்கொண்டிருந்தேன் என்று பார்க்கிறேன். காரணம் அநேகமாக எப்போதும் அங்கேதான் இருக்கிறது. தொடர்ந்து இரண்டு தோல்வி வந்தால் அன்றைக்குப் போட்டி ஆட்டத்தை நிறுத்திவிடுகிறேன். மூன்றாவது ஆட்டத்தில் ஆடுவது சினம்தான், விரல்கள் அல்ல.

பணத்தைப் பற்றியும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ஃபிஃபா 09-இல் தொடங்கிய, வீரர்களைச் சேர்த்துச் சொந்த அணி அமைக்கும் அல்டிமேட் டீம் முறையில், உள்ளே யார் இருப்பார் என்று தெரியாத வீரர் பாக்கெட்டுகளை உண்மைப் பணம் கொடுத்தும் வாங்கலாம். பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் 2018-இல் இத்தகைய பாக்கெட்டுகள் சூதாட்டச் சட்டத்துக்குள் வருகின்றன என்று அறிவித்ததைத் தொடர்ந்து, 2019 ஜனவரி இறுதியில் அந்நாட்டில் அவற்றை வாங்கப் பயன்படும் புள்ளிகளின் விற்பனை நிறுத்தப்பட்டது. நெதர்லாந்தில் விதிக்கப்பட்ட 1 கோடி யூரோ அபராதத்தை 2022-இல் உயர் நிர்வாக நீதிமன்றம் ரத்து செய்தது. நாட்டுக்கு நாடு சட்டம் மாறலாம். பாக்கெட்டில் நாம் விரும்பும் வீரர் வருவதற்கான வாய்ப்பு மிகச் சிறியது என்பது எங்கும் மாறாது, அந்த விகிதமும் ஃபிஃபா 19 முதல் வாங்கும் இடத்திலேயே காட்டப்படுகிறது. நான் உண்மைப் பணம் செலவிடுவதில்லை. ஆடிச் சேர்க்கும் நாணயங்களில் தேவையான வீரரைச் சந்தையில் நேரடியாக வாங்கினால் மெதுவாகவே நல்ல அணி அமைகிறது, எந்த வீரரை எதற்காக வாங்குகிறோம் என்ற தெளிவும் கிடைக்கிறது.

ஆண்டுதோறும் புதிய பதிப்பு வருகிறது. 2023-இல் ஃபிஃபா என்ற பெயர் போய் ஈஏ ஸ்போர்ட்ஸ் எஃப்சி 24 வந்தது. போட்டியாளரான கொனாமி தன் நீண்டகாலத் தொடரை 2021-இலேயே ஈஃபுட்பால் என்ற பெயரில் இலவசமாக்கிவிட்டது. பதிப்பு மாறும்போதும், இடையில் திருத்தங்கள் வரும்போதும் ஓட்டத்தின் வேகமும் கோல்கீப்பரின் திறனும் மாறுகின்றன. சென்ற ஆண்டு பலித்த ஷாட் இந்த ஆண்டு பலிக்காது. முதல் நாளில் நான் அமைப்புகளைத்தான் முதலில் திறக்கிறேன்: களத்தின் பெரும்பகுதி தெரியும்படி கேமராவை உயர்த்துகிறேன், தானாக வீரர் மாறுவதைக் குறைக்கிறேன், வலது குச்சியால் மாறும் முறையைச் சரிபார்க்கிறேன். பிறகு நண்பர் ஒருவரை அழைத்து, அவர் தாக்கவும் நான் தற்காக்கவும் மட்டுமே செய்யும் ஆட்டங்களை ஆடுகிறேன். அதில் கோல் எண்ணிக்கையை நாங்கள் கணக்கில் கொள்வதில்லை. ஜாக்கியில் வீரர் எவ்வளவு விரைவாகத் திரும்புகிறார், நீட்டிய கால் எவ்வளவு தூரம் எட்டுகிறது, கோடு எங்கே உடைகிறது என்பவை அந்த வாரத்தில் பிடிபட்டுவிடும். தரவரிசை ஆட்டங்களுக்குள் அதற்குப் பிறகே நுழைகிறேன்.